கோடு தாண்டினால் மும்மடங்கு

ஒரே வகுப்பு, ஒரே பேராசிரியர், ஒரே கொட்டாவி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மாணவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்ப் பையன் வருஷத்துக்குச் சுமார் 18,000 டாலர் கட்டுகிறான். பக்கத்து மாநிலமான ஒஹையோவிலிருந்து வந்தவன் சுமார் 60,000. பாடம் என்னவோ ஒன்றுதான்.

கேட்டால், 'உங்கப்பா எங்களுக்கு வரி கட்டலையே' என்கிறார்கள். நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பல மாநிலங்கள் மானியத்தை வெட்ட, பல்கலைக்கழகங்கள் அந்த ஓட்டையை அடைக்க வெளிமாநிலப் பிள்ளைகளை வலைவீசித் தேட ஆரம்பித்தன. அலபாமா பல்கலைக்கழகத்தில் இப்போது பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்தான். வரி என்று துவங்கிய வாதம் வியாபாரத்தில் முடிந்திருக்கிறது.

கனெக்டிகட் மாநிலம் ஒருபடி மேலே போய், 'விண்ணப்பிக்கும்போது வெளியாள் என்றால் படிப்பு முடியும்வரை வெளியாள்' என்று சட்டமே போட்டது. 1973-ல் விளாண்டிஸ் எதிர் க்ளைன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிஜமாகவே குடியேறியவருக்கு அதை நிரூபிக்க வாய்ப்பு தர வேண்டும் என்றது. கூடுதல் கட்டணமே தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. மேற்கு மாநிலங்களின் 'வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்' ஏற்பாட்டில், உள்ளூர்க் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. தென் மாநிலங்களின் 'அகடமிக் காமன் மார்க்கெட்'டில், உங்கள் மாநிலத்தில் இல்லாத படிப்பு என்றால் உள்ளூர்க் கட்டணமே போதும். மினசோட்டாவும் விஸ்கான்சினும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. டெக்சாஸில் போட்டியில் ஜெயித்து 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கினால், அரசுப் பல்கலைக்கழகம் வெளியாள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். இது சென்னையிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கும் பொருந்தும். அங்கே சேரும் நம் பிள்ளைகள், 'ஸ்காலர்ஷிப் எவ்வளவு?' என்பதோடு, 'கட்டணத் தள்ளுபடி உண்டா?' என்றும் கேட்பது நல்லது. ஆயிரத்தைவிட இரண்டாவது பதிலில்தான் பணம் அதிகம்.

என் புகார் இங்கேதான். இவை எதுவும் தானாக வீடு தேடி வருவதில்லை. எல்லாக் கல்லூரியிலும், எல்லாப் படிப்புக்கும் கிடையாது. இடங்களும் கொஞ்சம். விசாரிக்கத் தெரிந்த அப்பா அம்மாவின் பிள்ளைக்குத் தள்ளுபடி. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவன், அச்சடித்த விலையைப் பார்த்து மிரண்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறான். உதவி யாருக்காக ஏற்பட்டதோ, அவனுக்கே அது இருப்பது தெரியாது.

அனுமதிக் கடிதத்தோடு, 'உனக்குக் கிடைக்கக்கூடிய சலுகைகள் இவை' என்று ஒரு தாள் சேர்த்து அனுப்ப என்ன செலவாகும்? அனுப்ப மாட்டார்கள். கல்லூரியில் நுழையுமுன்பே ஒரு பரீட்சை வைக்கிறார்கள், சிலபஸைச் சொல்லாமல்.