பழையனூர் நீலியும் செயற்கை நுண்ணறிவுக் குறும்படமும்

தொண்டை நாட்டில் வழங்கும் பழமையான பேய்க் கதைகளுள் ஒன்று பழையனூர் நீலி கதை. பழையனூர், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்ட செய்தி குறிப்பாக வருகிறது. பொய்யழுகையை ‘நீலிக்கண்ணீர்’ என்று சொல்வதும் இக்கதையை ஒட்டியதே.

என் முன்னாள் மாணவர்கள் இருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இக்கதையை 9 நிமிடக் குறும்படமாக உருவாக்கி, வெளியிடும் முன் எனக்குக் காட்டினர். இத்தகைய முயற்சியில் இறங்கும் பிற மாணவர்களுக்கும் உதவும் என்பதால் அப்படம் குறித்த கருத்துகளை இங்கே தருகிறேன்.

கதைச் சுருக்கம்

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பரவலாக வழங்கும் வடிவம் இது: முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் நீலிப் பேயாகிறாள். கணவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். பேயிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மந்திர வாள் ஒன்றை வைத்திருக்கிறான். அவன் பழையனூருக்கு வரும்போது, நீலி அவன் மனைவியின் உருவில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். ஊர் வேளாளர் 70 பேர் வழக்கைக் கேட்கின்றனர். குழந்தை ‘அப்பா’ என்று அழைத்து வணிகனிடம் செல்கிறது. வாளை வைத்துவிட்டு மனைவியுடன் தங்கும்படியும், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் 70 பேரும் உயிர்விடுவதாகவும் அவர்கள் வாக்களிக்கின்றனர். அன்றிரவு வணிகன் கொல்லப்படுகிறான். வேளாளர்கள் தீயில் இறங்கி வாக்கைக் காக்கின்றனர்.

படத்தின் முதன்மைக் குறை

முதல் காட்சியிலேயே நீலி வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், சிவந்த கண்களோடு வருகிறாள். ‘தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் பேய்’ என்று எழுதிக் கேட்டதாக மாணவர்கள் கூறினர். இக்கருவிகள் ஏராளமான படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. ஆகவே ஒரு சொல்லோடு மிகுதியாகச் சேர்ந்து வரும் உருவத்தையே பெரும்பாலும் தருகின்றன. 1998-இல் வெளிவந்த ‘ரிங்கு’ என்னும் சப்பானியப் படத்தின் கூந்தல் பேயும் நம் திரைப்படங்களின் வெள்ளைப் புடவைப் பேயும் கலந்த உருவம் நீலியாகிவிட்டது.

இந்த உருவத்தைப் பார்த்த ஊரார் எப்படி அவளை ஒருவனின் மனைவி என்று நம்புவார்கள்? நம்பினால் 70 பேரும் அறிவிலிகள் என்றாகிறது; அவர்கள் உயிர்கொடுத்ததற்கும் பொருளில்லை. நீலியின் முகத்தில் அச்சத்துக்கு இடமே இல்லை. நல்லவர்கள், கண்ணால் கண்டதை நம்பி, நேர்மையாக விசாரித்து, ஒருவனைச் சாவுக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் அச்சம். அவள் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமரும் பெண்போல இருக்க வேண்டும். கருவியிடம் ‘பேய்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘வெயிலில் நடந்து களைத்த, கைக்குழந்தையுடன் உள்ள பெண்’ என்று கேட்டிருக்கலாம்.

முற்பிறவிக் கொலையைப் படம் விட்டுவிட்டது. அது இல்லாவிட்டால் நீலி காரணமின்றிக் கொல்லும் பேய். அது இருந்தால், அநீதி இழைக்கப்பட்டு, கேட்க நாதியில்லாமல் போன ஒரு பெண். அவள் அழுகையில் எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்று பார்ப்பவர் தடுமாறுவார். அத்தடுமாற்றமே கதையின் உயிர்.

பிற குறிப்புகள்

1. கள்ளி: படத்தில் அமெரிக்கப் பாலைவனத்துத் தூண் கள்ளி நிற்கிறது. நம் ஊர்ச் சதுரக்கள்ளி பால் வடியும் வேறு குடும்பத்துச் செடி. வேலியோரத்துக் கள்ளியைக் கைப்பேசியில் படமெடுத்து மாதிரியாகக் கொடுத்திருக்கலாம்.

2. ஊர்ச்சபை: 70 பேரை நடிக்க வைக்க மாணவர்களிடம் பணமில்லை. இங்கே கருவி உண்மையில் கைகொடுத்திருக்கிறது. ஆயினும் எல்லாரும் ஒரே வயதினராக, ஒரே முகச்சாயலோடு இருக்கின்றனர். வாக்குக் கொடுப்பவர்கள் தனித்தனி மனிதர்களாகத் தெரிய வேண்டும்.

3. முகமாற்றம்: கருவி சில நொடித் துண்டுகளாகவே காட்சிகளைத் தருவதால், நீலியின் முகம் துண்டுக்குத் துண்டு மாறுகிறது. ஊரார் பார்வையில் ஒரே முகமும், வணிகன் பார்வையில் மட்டும் மாறும் முகமும் என்று அமைத்தால் இக்குறையே கதைக்குத் துணையாகும்.

4. குரல்: குழந்தை ‘அப்பா’ என்றழைக்கும் ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு மாணவர் தம் வீட்டுக் குழந்தையின் குரலைப் பதிந்து சேர்த்திருக்கிறார். படத்தில் என் உடல் சிலிர்த்த இடம் அது ஒன்றே.

முடிவாக

நீலி கதை குமரி மாவட்டத்தில் கள்ளியங்காட்டு நீலியாக வில்லுப்பாட்டிலும் வாழ்கிறது. இடத்துக்கு இடம் மாறுவது நாட்டார் கதையின் இயல்பு, மாணவர்களும் மாற்றலாம். ஆனால் அந்த மாற்றத்தை அவர்கள் செய்ய வேண்டும், கருவி செய்துவிடக் கூடாது. நாளை நீலியைத் தேடும் ஒரு சிறுவனுக்கு முதலில் கிடைப்பது இத்தகைய படமாக இருக்கக்கூடும். அதைப் பார்த்து அவன் பயந்தால் மட்டும் போதாது. 70 பேர் ஏன் தீயில் இறங்கினர் என்று கேட்கவும் வேண்டும்.

மாணவர்கள் படத்தை வெளியிடாமல், முதல் காட்சியிலிருந்து திருத்தத் தொடங்கியுள்ளனர்.