கணக்குக்கு முன்னால் எழுத வேண்டியது

உளவியல், கல்வியியல், சமூகப்பணி என மனித நடத்தையை ஆராயும் துறை எதுவானாலும், புள்ளியியல் தாளில் மாணவர் முதலில் மோதிக்கொள்வது கருதுகோள் சோதனையில்தான். இரு குழுக்களிடையே வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்வது இன்மைக் கருதுகோள். அது உண்மையாக இருந்தால், இப்போது கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது பி-மதிப்பு. அது 0.05-க்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். இந்த முறையைக் கைவிட வேண்டும் என்ற குரல் பல பத்தாண்டுகளாக ஒலிக்கிறது; 2015-இல் 'பேசிக் அண்ட் அப்ளைடு சோஷியல் சைக்காலஜி' இதழ் பி-மதிப்புக்குத் தடையே விதித்தது. என் பார்வையில் பழுது சூத்திரத்தில் இல்லை. தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஆய்வாளர் தன் கையைக் கட்டிக்கொள்வதில்தான் இந்தச் சோதனையின் வலிமை இருக்கிறது. தொடக்கப் பாடமோ அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுக் கணக்கை மட்டும் சொல்லித் தருகிறது.

ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய நூலில் வரும் தேநீர்ச் சோதனையைப் பாடநூல்கள் சுவைக்காகச் சேர்க்கின்றன. அதிலுள்ள கறார்த்தன்மையைக் கவனிப்பதில்லை. கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், அவற்றில் நான்கில் பால் முதலில். அந்த நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70-இல் 1. ஒரே ஒரு கோப்பை இடம் மாறினாலும் பரவாயில்லை என்று தளர்த்தினால் அது 70-இல் 17 ஆகிவிடும், ஏறக்குறைய கால் பங்கு. எத்தனை கோப்பை, எது வெற்றி என்பவை முன்பே முடிவானதால்தான் 70-இல் 1 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. விடைகளைப் பார்த்த பிறகு வெற்றியின் எல்லையை நகர்த்தினால், எண் அப்படியே நிற்கும், அதன் பொருள் போய்விடும்.

நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் இதை வேறு திசையில் கொண்டுபோனார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழையோடு, இருப்பதைக் காணத் தவறும் பிழையையும் கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே சோதனையின் திறன். ஃபிஷருக்கும் நெய்மனுக்கும் இடையே கசப்பான பூசல் நடந்தது. பாடநூல்கள் இருவரையும் சத்தமில்லாமல் ஒட்டவைத்தன: நெய்மனின் கறாரான எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு திறனைப் பின்னால் தள்ளின. ஆண்டெல்லாம் ஒரே எல்லையைப் பிடித்துத் தொங்கும் ஆய்வாளர் எவருமில்லை என்று ஃபிஷர் 1956-இல் சொன்னதும் எடுபடவில்லை. விளைவு சிறிதல்ல. குழுவுக்கு 20 பேர் என்பது மாணவர் ஆய்வுகளில் சாதாரணம். நடுத்தர விளைவு, அதாவது அரைத் திட்டவிலக்க வேறுபாடு, உண்மையிலேயே இருந்தாலும் 20 பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். 80 விழுக்காட்டுத் திறனுக்குக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 20 பேர் கொண்ட குழுக்களில் 0.05 எல்லையைத் தாண்ட, மாதிரியில் தெரியும் வேறுபாடு 0.64 திட்டவிலக்கமாவது இருக்க வேண்டும். உண்மை 0.5 என்றால், வென்றதாக அறிவிக்கப்படும் ஒவ்வொரு முடிவும் தவறாமல் மிகைப்பட்டதே.

கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் கேலியாகவே நிரூபித்தார்கள்: பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் வயதே குறைந்துவிட்டதாக 0.05-க்குக் கீழான பி-மதிப்போடு காட்டினார்கள். எந்த அளவையை அறிக்கையிடுவது, எப்போது ஆள் சேர்ப்பதை நிறுத்துவது போன்ற நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு 60 விழுக்காட்டைத் தாண்டும் என்றும் கணக்கிட்டார்கள். 2015-இல் உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 விழுக்காடு வென்றிருக்க, மறு ஆய்வில் வென்றவை 36 விழுக்காடு மட்டுமே.

அப்படியானால் பேய்ஸ் முறைக்கோ நம்பக இடைவெளிக்கோ மாறிவிடலாமே என்பார்கள். நம்பக இடைவெளி விளைவின் அளவைக் கண்முன் வைக்கிறது, அது நல்லதே. ஆனால் பிடித்த தரவை மட்டும் பொறுக்கும் கை எந்த முறையையும் கெடுக்கும். தடை விதித்த இதழை 2019-இல் பரிசீலித்தவர்கள், எல்லைக்கோடு போனதும் கட்டுரையாளர்கள் தரவு தாங்காத முடிவுகளைச் சொல்லத் தொடங்கியதாகக் கண்டார்கள். முதலில் செய்முறை, நுணுக்கம் பிறகு என்பது ஆசிரியர்கள் தரப்பு வாதம். அந்தப் 'பிறகு' வருவதில்லை: ஹாலர், கிராஸ் இருவரும் 2002-இல் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பி-மதிப்பு பற்றிய ஆறு தவறான கூற்றுகளைக் கொடுத்தபோது, பாடம் நடத்துபவர்களிலேயே 80 விழுக்காட்டினர் ஒன்றையாவது சரி என்றார்கள்.

வலுவான மறுப்பு வேறொன்று. மாணவர் ஆய்வில் பெரும்பகுதி தேடல்தான். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாதபோது முன்கூட்டி எதை எழுதுவது? நியாயமான கேள்வி. தேடலுக்குத் தேடல் என்றே பெயரிட்டு, பி-மதிப்பு இல்லாமல் சராசரிகளையும் வரைபடங்களையும் தரலாம். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. சோதனை என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டுமே கட்டு வேண்டும். திட்டத்தை முதலிலேயே இதழுக்கு அனுப்பி ஒப்புதல் பெறும் முறையில் வந்த உளவியல் ஆய்வுகளை 2021-இல் ஒப்பிட்டபோது, முதல் கருதுகோள் வென்றது 44 விழுக்காட்டில். வழக்கமான கட்டுரைகளில் 96. துணிச்சலான கருதுகோள்கள் அந்த வழியே அதிகம் போயிருக்கலாம், ஆகவே இடைவெளி முழுவதையும் பொறுக்கலின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வகுப்பறையில் இதைச் செய்ய இதழ் தேவையில்லை. எத்தனை பேர், ஏன் அத்தனை பேர், எந்த அளவை, யாரை விலக்குவது என்று தரவு சேர்க்கும் முன் எழுதிய ஒரு பக்கத்துக்குச் செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண் ஒதுக்கலாம், பி-மதிப்பு 0.40 வந்தாலும் அந்தப் பாதி குறையக் கூடாது.