கையளவு புஷ், கார் முழுக்க உயிர்

திரேஸ்புரத்திலிருந்து தருவைக்குளம், வேப்பலோடை என்று வடக்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இப்போது ஓடுகிற அழகை என்னவென்று சொல்வேன்! ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே பின்பக்கமும் கூடவே வருகிறது. எஞ்சினைத் தொடவில்லை, டயர் மாற்றவில்லை. எல்லாம் பின்சக்கர ஆர்ம்களும் அவற்றின் மூட்டுகளில் இருக்கும் புஷ்களும் செய்த வேலை.

2017இல் இந்தியாவுக்கு வந்த 230 குதிரைத்திறன் கார் இது. பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்தையும் நீளவாக்கில் ஒரு டிரெய்லிங் ஆர்மும் குறுக்கே மூன்று ஆர்ம்களும் பிடித்திருக்கின்றன. புஷ் தளர்ந்தால் வளைவில் சக்கரத்தின் டோ, அதாவது உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தானாக மாறும், வால் அலையும். அதிலும் எங்கள் ஊர் உப்புக்காற்று பொல்லாதது. ஸ்பிரிங் உட்காரும் கீழ் ஆர்ம் தகட்டில் அழுத்திச் செய்தது. அதன் குழிவில் உப்பும் ஈரமும் தங்கினால் துருதான்.

ரப்பருக்குப் பதில் ரோஸ் ஜாயின்ட் என்ற உலோக மூட்டு வைத்த பளபள ரேஸ் ஆர்ம்களைக் கண்டால் யாருக்கும் கை துறுதுறுக்கும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. பந்தயத் தடத்தில் அவை பொன். உப்பளத் தூசியில் தினமும் ஓடும் காருக்கு வேண்டவே வேண்டாம். காரை மிகவும் தாழ்த்திவிட்டு, கம்பெனியின் எக்சென்ட்ரிக் போல்ட்டால் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, சரிசெய்ய முடியாதவர்களுக்குத்தான் நீளம் மாற்றும் ஆர்ம்.

நான் தேர்ந்தெடுத்தது புதிய கம்பெனி ஆர்ம்கள். குறுக்கு ஆர்ம்களில் பவர்ஃப்ளெக்ஸின் ஊதா பாலியூரித்தேன் புஷ், கடினம் ஷோர் ஏ அளவில் 80. அதே கம்பெனியின் கறுப்பு 95, அது பந்தயக்காரர்களுக்கு. ஆனால் டிரெய்லிங் ஆர்மின் முன்புஷ் மட்டும் அசல் ரப்பர்தான்! அந்த இடம் எல்லாப் பக்கமும் முறுக்கிக்கொடுக்க வேண்டும்; அங்கே கெட்டியான புஷ் போட்டால் சஸ்பென்ஷன் இறுகிப்போகும், சத்தமும் வரும்.

இன்னொன்று, மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கவே கூடாது. கார் நிற்கும் உயரத்துக்கு ஆர்மை ஜாக்கியால் தூக்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேனுக்கு அந்தக் கவலை இல்லை, அதற்குரிய கிரீஸ் தடவினால் போதும். கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பெரிய டர்போவுக்கும் அலாய் வீலுக்கும் பணம் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்களே, முதலில் காரை லிஃப்ட்டில் ஏற்றி, பின்புஷ்களை டார்ச் அடித்துப் பாருங்கள்!