கமிஷனுக்குத் தணிக்கை

வரி மீண்டால் பங்கு கொடுங்கள், மீளாவிட்டால் ஒரு காசும் வேண்டாம். கனடாவில் இறக்குமதி செய்பவர்களிடம் ஆலோசகர்கள் இப்போது மும்முரமாக விற்கும் சரக்கு இது. நான்கு ஆண்டுக் கணக்கைத் துழாவி, கூடுதலாகக் கட்டிய சுங்க வரியைத் திரும்ப வாங்கித் தந்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். வியாபாரிக்கு நட்டமே வராத ஏற்பாடு என்று இதற்கு வக்காலத்தும் பலமாக இருக்கிறது.

மிகையாகக் கட்டியதைத் திரும்பக் கேட்பதில் குற்றமில்லை. சட்டமே இடம் தருகிறது. பசிபிக் கூட்டு ஒப்பந்தத்தில் சலுகை இருப்பது தெரியாமல் வியட்நாம் சட்டைக்கு முழு வரி கட்டியவருக்கும், மறு ஏற்றுமதி செய்த சரக்குக்கு டிராபேக் என்ற வரித் திருப்பத்தைக் கேட்காமல் விட்டவருக்கும் இந்த ஆலோசகர்கள் உதவுகிறார்கள். சின்னக் கம்பெனியால் முன்பணம் கொடுத்து நிபுணரை அமர்த்த முடியாது என்பதும் சரிதான்.

என் ஆட்சேபம் கூலியின் மேல். மிகையைக் கண்டால் காசு, குறையைக் கண்டால் வெறுங்கை. சுங்கச் சட்டமோ நேர் எதிராக நிற்கிறது. தோற்ற நாடு, வகைப்பாடு, மதிப்பு ஆகியவற்றில் தவறு என்று நம்பக் காரணம் கிடைத்துவிட்டால் 90 நாளுக்குள் இறக்குமதியாளரே திருத்தியாக வேண்டும் என்கிறது 32.2-ஆம் பிரிவு. அந்தக் கடமை நான்கு ஆண்டு தொடரும். திரும்பக் கேட்பது அவர் விருப்பம். குறைவாகக் கட்டியதைச் சொல்வது கட்டாயம்.

திருப்பூர் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவோடு கனடாவுக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இல்லை. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 18 சதவீத வரி. டொராண்டோ வியாபாரி லேபிள்களைத் தானே வாங்கி ஆலைக்கு இலவசமாக அனுப்புகிறார். ஆலை போடும் பில்லில் அவற்றின் விலை வராது. ஆனால் சுங்க மதிப்பில் அதைச் சேர்க்க வேண்டும். 20,000 டாலருக்கு அனுப்பியிருந்தால் விடுபட்ட வரி 3,600 டாலர். கஸ்டம்ஸ் புரோக்கர் கண்ணில் இது படாது, அவரிடம் போவது பில் மட்டும்தான். பேரேட்டைப் புரட்டும் ஆலோசகர் கண்ணில் படும். பட்ட பிறகு அவர் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளரின் 90 நாள் அன்றே ஓடத் தொடங்கும், மீட்ட பணத்தின் இனிப்பும் குறையும். எழுதாமல் விட்டால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. நேர்மையானவர் சொல்லிவிடுவார் என்பது சமாதானம். நேர்மைக்குக் கூலி தராத ஒப்பந்தத்தில் நேர்மையை எதிர்பார்ப்பது வியாபாரமா, வேண்டுதலா?

வகைப்பாட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஹாக்கி கோலியின் கையுறை எந்தத் தலைப்பில் வரும் என்ற வழக்கு, இக்லூ விக்ஸ்கி என்ற இறக்குமதியாளரை 2016-இல் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. இடையில் மேல்முறையீட்டில் ஜெயித்தும் கடைசியில் தோற்றார்கள். தன் பணத்தைப் போட்டு வழக்காடுகிறவர் கணக்குப் பார்த்துத்தான் இறங்குவார். பங்குக்கு வேலை செய்பவர் இப்படிப் பத்துக் குறியீடுகளைக் கிளறிவிடலாம். ஒன்று பலித்தாலும் லாபம்தான். கொடுத்த பணத்தைக் கனடா எல்லைச் சேவைகள் முகமை மறுநிர்ணயம் செய்து திரும்பக் கேட்டால், நோட்டீஸ் வருவது இறக்குமதியாளர் பெயருக்கு. அந்தத் தொகையில் தன் பங்கை ஆலோசகர் திருப்பித் தருவாரா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

2024 அக்டோபரில் முகமையின் கார்ம் என்ற வரிக் கணக்கு முறை வந்த பிறகு புரோக்கரின் பிணையும் கைகொடுக்காது. வரி கட்டுமுன் சரக்கை விடுவிக்க இறக்குமதியாளர் தன் பெயரில் பிணை கட்ட வேண்டும். கணக்கும் அவர் பெயரில்தான்.

இந்த ஆபத்தைத் தவிர்க்க வழி உண்டு. ஐயமுள்ள சரக்கு வருமுன்பே அதன் வகைப்பாடு பற்றி முகமையிடம் எழுத்தில் முடிவு கேட்டு வாங்கலாம். அது முகமையையும் கட்டுப்படுத்தும். அதில் மீட்க எதுவுமில்லை, ஆகவே பங்கும் இல்லை. நான் பார்த்த விளம்பரத் தாள் எதிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.