இளைஞர் கச்சேரியும் கேட்டற் கல்வியும்

இசை தனியொருவரின் தேட்டமாயினும் கச்சேரி தனியொருவரின் ஆக்கமன்று. பாடுவோர், வயலின் வாசிப்போர், மிருதங்கம், கடம் முழக்குவோர் என நால்வர் கூடி ஓருருவாக்கும் கலை அது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாக ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியைத் தனித்தனி வகுத்துரைக்கிறார். அவற்றுள் தண்ணுமை முதல்வனுக்கு உரைத்த தகுதி ஊன்றி நோக்கற்பாலது. பிற கருவிகளிற் குறைந்ததை நிரப்பவும் மிகுந்ததை அடக்கவும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யுமிடத்தும் தன் முழக்கம் வரம்பு கடவாமற் காத்தல் வேண்டும். மேலும், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்று இசைந்தன என அக்காதை காட்டும் முறை, ஒருவர் மற்றவரைச் செவிமடுத்தே இசைத்தனர் என்பதைத் தெளிவுறுத்தும். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய விபுலானந்த அடிகள், 1947 இல் வெளிவந்த தமது ‘யாழ்நூலை’ இக்காதையின் யாழாசிரியன் பகுதியை அடியாகக் கொண்டே விரித்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

மேனாட்டார் ‘சேம்பர் மியூசிக்’ என வழங்குவதைச் சிற்றவை இசை எனலாம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நான்கும் நடத்துநர் எவருமின்றி ஒன்றையொன்று நோக்கி இசைக்கும் நால்வரிசைக்குத் திருந்திய வடிவம் தந்தவர் ஹைடன் (1732–1809). நம் கச்சேரியும் தன்மையாற் சிற்றவை இசையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் நால்வர்க்கும் உரிய பகுதி தாளில் எழுதப்பட்டிருக்கும். நமக்கோ கீர்த்தனையின் உருவம் மட்டுமே முன்னரே அமைந்தது. ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம், தனியாவர்த்தனம் யாவும் அவ்வப்போது பிறப்பன. எழுதிய பகுதி கையிலிருப்போன் கணநேரம் செவி தவறினும் தாளைப் பார்த்துத் தப்பலாம். நம்மவர்க்கு அப்புகலிடம் இல்லை. ஆதலின் கேட்டற் கல்வி அவர்களிலும் நமக்கே மிக வேண்டற்பாலது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினை நம்மிசைக்கு ஏற்றதாக்கினார். மிடற்றிசையை நிழல்போலத் தொடரவல்ல ஆற்றலே அக்கருவிக்கு நம் மேடையில் நிலையான இடம் தேடித்தந்தது.

இனி நம் குடாநாட்டு இளைஞர் கச்சேரிகளை நோக்குவோம். அண்மையில் ஒரு மண்டபத்தில் இருபது வயதை ஒட்டிய நால்வர் நிகழ்த்திய கச்சேரியை முன்வரிசையிலிருந்து கேட்டேன். நால்வரும் திறமை வாய்ந்தோர் என்பதில் ஐயமில்லை. பாடிய பெண்ணின் சுருதி சுத்தமும் சொற்றெளிவும் பாராட்டுக்குரியன. எனினும் அவர் காம்போதியை மந்தரத்தில் நிறுத்தி ஆழ்ந்த அமைதியோடு முடித்தபோது, வயலின் வாசித்தவர் அதற்கு மறுமொழி கூறாது, தாம் முன்னரே பயின்றுவந்த ஆலாபனையை மேற்சட்சத்திலிருந்து தொடங்கினார். நிரவலிற் குரல் தாழ்ந்த இடங்களில் மிருதங்கம் தாழவில்லை. தனியாவர்த்தனத்தின் குறைப்பிலே குறை இன்னும் வெளிப்பட்டது. இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என அளவு சுருங்கச் சுருங்க இரு கருவிகளும் நெருங்கி உரையாடுவதே குறைப்பின் அழகு. மிருதங்கம் திச்ர நடைக்கு மாறிய பின்னரும் கடம் மனனஞ் செய்த சதுச்ரச் சொற்கட்டையே விடையாக அளித்தது. கணக்கு வழுவவில்லை, உரையாடல் நிகழவுமில்லை. கோர்வை முடிவிற் கரவொலி எழுந்தது. நால்வரும் தத்தம் தேர்வில் உயர்ந்த புள்ளி பெறத் தக்கவர்களே. ஆனால் அது நான்கு தேர்வுகளாக இருந்ததேயன்றி ஒரு கச்சேரியாக அமையவில்லை.

இறுதியில் ஒரு தேவார விருத்தம் பாடப்பட்டது. விருத்தத்திற்குத் தாளமில்லை. மிருதங்கமும் கடமும் ஓய்ந்திருந்தன. அடுத்த சொல் எங்கே விழும், எவ்வளவு நீளும் என்பதை வயலினார் முன்னரே அறியமாட்டார். எனவே அவர் காத்திருந்தார். பாடுவோரும் வயலினின் மறுமொழிக்கு இடம் விட்டார். அச்சில நிமிடங்களே அன்றைய கச்சேரியின் உயிர் என்பேன். இவ்விளைஞர்க்குக் கேட்கும் ஆற்றல் இல்லாமலில்லை; அதனைப் பயில வாய்ப்பே அரிதாயிற்று என்பது அதனாற் புலனாயிற்று.

வாய்ப்பு ஏன் அரிதாயிற்று? 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையும், 1960 இல் மருதனார்மடத்திற் தொடங்கிப் பின்னர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரியும் இல்லையேல் நம்மிடை இசைக்கல்வி இத்துணை பரவியிராது. ஆயினும் தேர்வு என்பது எங்கும் தனியொருவரை அளக்கும் கோலேயாம். நால்வர் கூடி இசைக்கும் இசைவை எந்தப் புள்ளிப்பட்டியலும் அளந்து காட்டாது. போர்க்காலமும் பேரிடர் விளைத்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறிச்சோடியபோது ஒருங்கு பயின்ற ஆசிரியரும் மாணவரும் திக்கொருவராயினர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நிகழும் அரங்கேற்றங்களுக்குப் பக்கவாத்தியக் கலைஞர் பலர் சென்னையிலிருந்து வருகின்றனர். முதிர்ந்தோர் அணைத்துச் செல்வதால் இளையோரின் பிழை அவையோர்க்குத் தெரிவதில்லை. முதிர்ந்தோரின் துணை இளைஞர்க்குப் பெரும்பேறே என்பார் கூற்றை யான் மறுக்கவில்லை. ஆனால் எப்போதும் தாங்கப்படுவோர் பிறரைத் தாங்கக் கற்பதில்லை. ஒத்த வயதினர் கூடுமிடத்திலேயே, ஒருவர் தடுமாறும்போது மற்றவர் ஏந்திக்கொள்ளும் பொறுப்புப் பிறக்கும்.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. நம் கோயில் வீதிகளில் முழங்கும் பெரிய மேளமே சான்று. அம்மரபிற் சிறுவர் முதலிற் பெறுவது தவிலோ நாதசுரமோ அன்று, கைத்தாளமும் ஒத்துமே. ஒத்து ஊதும் சிறுவன் மணிக்கணக்காக ஒரே சுருதியைக் காத்துப் பெரியோரின் வாசிப்பைச் செவியால் உண்டு வளர்ந்தான். இணுவில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தராய் 1933 இற் பிறந்து, அளவெட்டியிலே வாழ்ந்து, 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி இம்மரபு ஈன்ற பெருஞ்செல்வம். கடல்கடந்து தமிழகத்திலும் அவர் புகழ் பரவிற்று. அத்தகைய ஆற்றலுக்கு விளைநிலமாயிருந்தது மேளக் குழுவின் கூட்டுவாழ்வே. இன்று ஒத்தின் இடத்தையும், பாடகர் பின்னிருந்து மாணவர் மீட்டிய தம்புராவின் இடத்தையும் மின்சுருதிப்பெட்டி பெரிதும் கவர்ந்துகொண்டது. சுருதி குறையவில்லை. மேடைமீதிருந்து கேட்டுக் கற்கும் மாணவரின் இருக்கையே இல்லாதொழிந்தது. இவ்விழப்பை நம்மவர் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

செய்யத்தக்கன யாவை? கல்லூரிதோறும் நால்வரோ ஐவரோ கொண்ட நிலையான குழுக்கள் அமைதல் வேண்டும். அவர்கள் விழாவுக்கு முதனாள் மாத்திரம் கூடாது, ஓராண்டேனும் வாரந்தோறும் ஒருங்கிருந்து பயிலுதல் வேண்டும். ஒலிபெருக்கியின்றிச் சிறு மண்டபத்தில் நிகழ்த்தின், யாருடைய முழக்கம் யாருடைய குரலை மூடுகிறது என்பது தானே விளங்கும். வயலின் மாணவர் பாட்டையும், பாடும் மாணவர் மிருதங்கச் சொற்கட்டையும் ஓரளவேனும் கற்றல் நன்று. தம்புராவை மீண்டும் ஒரு மாணவர் கையிற் கொடுத்தல் இவற்றுள் எளியது. பயன் மிக்கதும் அதுவே.

அவையோர்க்கும் இதிற் பங்குண்டு. விரைவுக்கும் உரத்த ஒலிக்கும் மட்டும் கரவொலி எழுப்புவோமாயின் இளைஞர் அவற்றையே நாடுவர். குரல் தாழுமிடத்துத் தானும் தாழ்ந்த மிருதங்கத்தைக் கண்டுகொண்டு மெச்சும் சுவைஞர் பெருகுதல் வேண்டும். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனைச் செல்வத்துள் வைத்து எண்ணினார். மேடையில் இருப்போர்க்கும் எதிரே இருப்போர்க்கும் பொதுவான செல்வம் அது. அதனை ஈட்டிய இளைஞர் நால்வர் ஓர் ஊரிற் கூடினும் போதும். அங்கே இசை தழைக்கும்.