பள்ளத்தூர் பாப்பா

மைக் இல்லாத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்தான் ஒரு நடிகையின் மூலதனம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த அந்த வழியின் சிகரம் கே.பி. சுந்தராம்பாள். பத்மினியும் வைஜயந்திமாலாவும் பரதத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் கண்ணும் கையும் பேசின. திராவிட இயக்க நாடகமோ வசனத்தை நம்பியது. நீண்ட வசனத்தை ஒரு சொல்லும் இடறாமல் பேசத் தெரிந்தால்தான் அங்கே இடம்.

மனோரமா இந்தக் கடைசிப் பட்டறையில் தேறியவர்.

கோபிசாந்தா என்ற இயற்பெயரோடு 1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர், தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார். நாடகக்காரர்களுக்கு அவர் 'பள்ளத்தூர் பாப்பா'. எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் கலைஞரின் 'மணிமகுடம்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் கிடைத்தது நகைச்சுவை வேடம். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாகவும் நடித்தார். ஆனாலும் அவர் நிலைத்தது டி.ஏ. மதுரம் போட்ட பாதையில்தான். என்.எஸ். கிருஷ்ணனுக்கு ஈடுகொடுத்து நின்ற மதுரத்தைப் போல, நாகேஷுக்கு எதிரே நின்றார் மனோரமா.

அவரை அளக்க 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஒன்று போதும். பரத மரபின் பத்மினி நாயகி; நாடகக் கம்பெனியில் வளர்ந்த சிவாஜி நாயகன். இவர்களுக்கு நடுவே நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. இந்தச் சத்தம் சிவாஜியின் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்கும் காட்சியைக் கவனியுங்கள். சொல்லை இழுத்து, தயங்கி, கண்ணில் வியப்பு மாறாமல் கேட்கிறார். அதில் கேலி துளியும் இல்லை. தான் நடித்துப் பழகிய மேடையையே அங்கே அன்போடு நடித்துக் காட்டுகிறார்.

அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே பாடிய பாட்டு அசல் சென்னைத் தமிழ். 'சின்ன கவுண்டர்' (1992) ஆத்தாவிடம் கொங்குப் பேச்சு. வட்டார வழக்கென்றால் ஓரிரு சொல்லை ஒட்டவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மனோரமாவிடம் வாக்கியத்தின் ஏற்ற இறக்கமே மாறும். என் கணிப்பில், தமிழ் நடிப்புக்கு அவர் வைத்துப் போன அளவுகோல் இதுதான்: முதலில் காது, பிறகு நாக்கு.

சிரிக்க வைத்தவர் என்று மட்டும் சொன்னால் பாதிதான். 'சின்னத்தம்பி' (1991) படத்தின் முடிவில், கைம்பெண்ணான தாயை ஊர் நடுவே அவமானப்படுத்துவார்கள். அந்தக் காட்சியில் அவர் உடல் கூனிக் குறுகுவதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். 'புதிய பாதை' (1989) தேசிய விருது தந்தது. 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் பதிவு, அப்புறம் சின்னத்திரைத் தொடர்கள். 2015 அக்டோபர் 10-இல் மறைந்தார்.

நடிக்க வரும் இளைய பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரமாமணியையும் 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மாவையும் கவுண்டரின் ஆத்தாவையும் அடுத்தடுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.