மறைத்தலும் சாட்சியமும்: 'ஹின்டர்லான்ட்' தொடர் பற்றிய ஒரு நோக்கு

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் அமைந்த கெரெடிகியன், மலைகளும் ஆட்டுப் பண்ணைகளும் தனித்த வீடுகளும் நிறைந்த பிரதேசமாகும். 2021ஆம் ஆண்டின் குடிசனக் கணிப்பின்படி அங்கு சுமார் 45 சதவீதத்தினர் வேல்ஷ் மொழியைப் பேசக்கூடியவர்கள். அதன் கரையோர நகரான அபெரிஸ்ட்வித்தைக் களமாகக் கொண்டு, 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களாக வெளிவந்த துப்பறியும் தொடரே 'ஹின்டர்லான்ட்'. இது வேல்ஷிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே படமாக்கப்பட்டது. அந்தி இருளைச் சுட்டும் அதன் வேல்ஷ் தலைப்பே கதையின் இயல்புக்கு நெருக்கமானது எனலாம்.

லண்டனிலிருந்து வரும் அதிகாரி மத்தியாஸ், முதற்கதையில் ஒரு முதிய பெண் காணாமற்போனதை விசாரிக்கிறார். அவள் முன்னர் ஒரு சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்தவள். அங்கு சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை மெல்ல வெளிவருகிறது. அதை மறைத்ததில் பொலிஸ் மேலிடத்துக்கும் பங்கிருந்தமை மூன்றாம் பருவத்திலேயே முழுமையாகத் துலங்குகிறது.

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகிறது. பிறர் குறையை மறைப்பதை (ஸத்ர்) இஸ்லாம் உயர்ந்த பண்பாகக் கருதுகிறது. எனினும் அது தன்னளவில் தவறிய ஒருவரின் மானத்தைக் காப்பதற்கே உரியது. பிறரது உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் அதற்கு இடமில்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாவதாக ஸூரா அல்பகராவின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஸூரா அந்நிஸாவின் 135ஆம் வசனமோ உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி கூறப் பணிக்கிறது. நெருக்கமான சிறு சமூகங்களில் இவ்விரண்டும் எளிதில் குழம்பிவிடுகின்றன. ஊரின் பெயரைக் காக்கும் மௌனம் கொடியவனின் கேடயமாகிவிடுவதைத் தொடர் துல்லியமாகக் காட்டுகிறது.

ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. மகளை இழந்த மத்தியாஸின் துயரத்துக்கும் நிலக்காட்சியின் இருண்ட அழகுக்கும் கிடைக்கும் இடம், பாதிக்கப்பட்ட சிறுவர்களின் குரலுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் விசாரணைக்குத் தடயமாகின்றனர். முழு மனிதராக நம்முன் வருவது அரிது. உண்மையைத் தோண்டும் பொறுப்பும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவன் மீதே சுமத்தப்படுகிறது. சாட்சி கூறும் கடமையோ அறிந்திருந்தவர்களுக்கே முதலில் உரியது. அவர்கள் ஏன் வாய்திறக்கவில்லை என்பதைத் தொடர் இன்னும் ஆழமாக விசாரித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.